நூற்றிருபது குறோட்டன்

அந்தியேட்டிக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற வழக்கம் எங்கள் ஆட்களிடம் எப்போது தொற்றியதோ தெரியாது. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவி வெளிக்கிடும்போது, செத்தவரின் படம் போட்ட கல்வெட்டுப் புத்தகம் ஒன்றும், அவர் பெயர் ஒட்டிய பொருள் ஒன்றும் கையில் வந்துவிடும். எவர்சில்வர் தட்டு, சாப்பாட்டுப் பெட்டி, சின்னக் குத்துவிளக்கு. இந்தக் குளிர் நாட்டில், ஸ்காபரோவில் எந்தக் குசினி அலுமாரியைத் திறந்தாலும் செத்தவர்கள் நாலைந்து பேருடைய பெயராவது உள்ளே இருக்கும். அவர்களுடைய தட்டில்தான் நாங்கள் புட்டும் சம்பலும் போட்டுச் சாப்பிடுகிறோம்.

மிதுனனின் அந்தியேட்டிக்கு அப்படி எதுவும் வேண்டாம் என்றாள் அவனுடைய தாய் அருள்நாயகி. பிள்ளை செத்துப் பத்து நாளாக ஒரு சொல்லும் சொல்லாமல் கிடந்தவள் முதன்முதலாக வாய் திறந்து சொன்னது அதுதான்.

“தட்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். உயிருள்ளதாக் குடுப்பம். குறோட்டன் செடி குடுப்பம்.”

அவளுடைய கணவர் சிவபாதம் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் வாய் திறந்ததே அவருக்குப் போதும். யானைக்குட்டி கொடுப்போம் என்றிருந்தாலும் எங்கே வாங்கலாம் என்றுதான் தேடியிருப்பார்.

மிதுனன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தெட்டு வயது, கம்பியூட்டர் வேலை. பார்க்டேலில் தனியாக ஓர் அறை எடுத்து இருந்தான். அங்கே சன்னலோரம் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாய் ஒரு குறோட்டன் வைத்திருந்தான். “கவனிக்காட்டி கோவிச்சுக்கொண்டு இலையெல்லாம் கொட்டும் அம்மா” என்று தாய்க்குச் சொல்லியிருக்கிறான். அவள் அதை நம்பவில்லை. அவள் கண்ட குறோட்டன் யாழ்ப்பாணத்தில் வேலியோரம் நிற்பது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆடுகூடக் கடிப்பதில்லை, தடியை முறித்து நட்டால் தானாகத் தளிர்க்கும். அது சாகத் தெரியாத செடி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சிவபாதமும் அப்படித்தான் நினைத்தார். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் அது பெப்ரவரி மாதம் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னவர் சிவபாதம். அது பொய். இரண்டு நாளாக மிதுனன் தொலைபேசி எடுக்கவில்லை என்று ஒஷாவாவில் இருந்து கீதன் அழைத்துச் சொன்னான். கீதன் அவனோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவன். சிவபாதமும் அவனுமாகப் பார்க்டேலுக்குப் போய், கட்டடத்தைப் பார்க்கிறவரைக் கூப்பிட்டுக் கதவைத் திறப்பித்தார்கள். மிதுனன் தன் உயிரைத் தானே முடித்திருந்தான். வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏழு மாதமும் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பொலிஸ்காரர் உள்ளே நிற்க, வெளியே நடையில் வைத்து சிவபாதம் அந்தப் பெடியனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அன்ரிக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சால் அவவும் இருக்கமாட்டா. ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லுவம். எனக்குச் சத்தியம் பண்ணு.”

“ஓம் அங்கிள்” என்றான் கீதன். அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்த நிலையில் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பான்.

மனைவி இருக்கமாட்டாள் என்று சிவபாதம் பயந்தது உண்மை. ஊர் வாய்க்குப் பயந்ததும் உண்மை. இரண்டில் எது கூட என்று அவர் ஒருநாளும் தன்னைக் கேட்டுப் பார்த்ததில்லை. அருள்நாயகிக்கு ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும்தான். மகனின் சாவு பற்றி வந்த கடிதங்களை அவர் தபால் பெட்டியிலேயே எடுத்து, மிசிசாகாவில் தான் வேலை செய்யும் சரக்குக் கிடங்குக்குக் கொண்டுபோய், தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பொய் ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. எல்லோரும் அதை நம்பத் தயாராகவே இருந்தார்கள்.

அந்தியேட்டியன்று காலை செடிகள் மண்டபத்துக்கு வந்து இறங்கின. ஒவ்வொன்றும் தடித்த மண்ணிறப் பேப்பருக்குள் நுனி வரைக்கும் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அருள்நாயகியின் சித்தப்பா மகள் இராஜேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “உப்பிடி மூடிக் கட்டினால் பேர் தெரியுமே? இலை தெரியுமே?” என்று நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நூற்றிருபது பேப்பரையும் கிழித்து எறிந்தாள். மேடைக்கு முன்னால் வரிசையாக அடுக்கியபோது கண் கொள்ளாத வடிவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சட்டியிலும் பொன்னிற ஒட்டுத்தாள்; அதில் மிதுனனின் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. வந்தவர்கள் “நல்ல யோசினை” என்று ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு கார் நிற்குமிடத்துக்கு நடந்தார்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. சிலர் போகிற வழியில் செடியைக் காரில் விட்டுவிட்டு மரக்கறிக் கடைக்கும் போயிருக்கிறார்கள்.

அந்தியேட்டி முடிந்து ஒன்பதாம் நாள் இராஜேஸ்வரி சிவபாதத்தை அழைத்தாள். குரல் களவெடுத்தவளின் குரல் போல இருந்தது.

“அத்தான், கோவிக்காதேங்கோ. செடி பட்டுப்போச்சு. இலையெல்லாம் கறுத்துக் கொட்டுண்டு வெறுந்தடி நிக்குது. அக்கா போனிலை படம் அனுப்பச் சொல்லிக் கேக்கிறா. நான் என்னத்தை அனுப்பிறது?”

அருள்நாயகி அதற்கிடையில் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தாள்: குறோட்டனை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுங்கோ. முதல் நாளே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். மிதுனன் சின்னவனாய்ப் படுத்த கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், முதல் படம் வந்தபோது எழும்பி இருந்தாள். இரண்டாவது படத்துக்குத் தேத்தண்ணி குடித்தாள். ஐந்தாவது படத்துக்கு முகம் கழுவினாள். சிவபாதம் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான். அவளாவது மிஞ்சுவாள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

இப்போது இராஜேஸ்வரி வெறுந்தடி என்கிறாள்.

“ஒண்டும் அனுப்பாதை, நான் வாறன்” என்றார். “உன்ரை வீட்டிலை மட்டும்தான் இப்பிடி. மற்ற வீடுகளிலை எல்லாம் நல்லா நிக்குது. நீ ஒருத்தருக்கும் வாய் திறவாதை. அக்காவின்ரை காதிலை விழுந்தால் முடிஞ்சுது.”

உன் வீட்டில் மட்டும்தான் என்று அவர் யோசித்துச் சொல்லவில்லை. அவள் வாயை அடைக்க அந்த நேரம் நாவில் வந்ததைச் சொன்னார். அது நன்றாகவே வேலை செய்தது. அடுத்தடுத்து அழைத்த எல்லோருக்கும் அதையே சொன்னார். மிதுனனின் செடி தன் வீட்டில் மட்டும்தான் செத்தது என்று ஒவ்வொரு வீடும் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

ஸ்காபரோவுக்கு வடக்கே ஒரு கண்ணாடிக் கூடத்தில் செடிகள் விற்கிற போர்த்துக்கேயக் கிழவர் ஒருவரைப் பிடித்தார். “இதைப் பெப்ரவரியில் பேப்பர் சுற்றாமல் வெளியே கொண்டுபோனீர்களா?” என்று கேட்டு அந்தக் கிழவர் இரண்டு கையையும் விரித்தார். குளிர் காற்று ஒரு தரம் அடித்தாலே இதற்குப் போதுமாம். சிவபாதம் கிழித்துக் குவித்த பேப்பர்க் குப்பையை நினைத்துக்கொண்டார். பிறகு நூற்றிருபது பேரும் வாசலால் தூக்கிக்கொண்டு நடந்ததை நினைத்தார்.

அதன் பிறகு அவருக்கு இரண்டு வேலை. மிசிசாகாவில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டி முடித்துவிட்டு, ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, டிக்கியில் கம்பளி சுற்றிய குறோட்டனோடு வீடு வீடாகப் போனார். சட்டியை மாற்றுவதில்லை, அதில் பெயர் இருக்கிறது. செத்த தடியைப் பிடுங்கிவிட்டு, அதே சட்டியில் புதியதை வைத்து, மண்ணை அமத்தி, நிறம் கிட்டமுட்டப் பழையது போல இருக்கிறதா என்று பார்ப்பார். இலையில் சிவப்புக் கூடினால் “வெயிலுக்கு நிறம் மாறிப்போச்சு எண்டு சொல்லுங்கோ” என்று சொல்லிக் கொடுப்பார். ஏழெட்டுச் செடிகள்தான் தாமாகத் தப்பின. வைகாசி வருவதற்குள் மற்றதெல்லாம் சிவபாதம் வைத்தவை. கண்டபாட்டுக்குத் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தவர்களுக்கு இரண்டாம் தரமும் கொண்டுபோய்க் கொடுத்தார். இராஜேஸ்வரி வீட்டுக்கு மூன்று தரம்.

அருள்நாயகி நிமிர்ந்தாள். ஒவ்வொரு மாதமும் மிதுனனின் திதிக்குப் படம் கேட்டாள், வந்ததை எல்லாம் சேர்த்து வைத்தாள். சமைத்தாள். கோயிலுக்குப் போனாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் தொலைபேசியை நீட்டி, “என்ரை பிள்ளை நூற்றிருபது வீட்டிலை இருக்கிறான். இந்தக் குளிர் நாட்டிலை ஒண்டுகூடப் பட்டுப்போகேல்லை, பாருங்கோ” என்பாள். அவளைப் பார்க்க சிவபாதத்துக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், அந்த இடத்தை விட்டு ஓடவேண்டும் போலவும் இருக்கும்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. ஒஷாவாவில் கீதன் வீடு. தூரம் என்று தனக்குத்தானே சாட்டுச் சொல்லிக்கொண்டார். தூரமாவது மண்ணாங்கட்டியாவது! பிரம்டன் வரைக்கும் போய் வந்த மனிதர் அவர். அந்தப் பெடியனின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. பார்த்தால் பார்க்டேல் வீட்டு நடைதான் கண்ணுக்குள் வரும்.

ஆனி மாதத்தில் அருள்நாயகி கீதனை அழைத்து, நீ மட்டும்தான் தம்பி இன்னும் படம் அனுப்பவில்லை என்றாள்.

“சொறி அன்ரி. அது செத்துப்போச்சு. கொண்டந்து ரெண்டாம் கிழமையே செத்துப்போச்சு. காப்பாத்தத்தான் பாத்தனான், ஏலேல்லை.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் மேசையடியில் இருந்தாள். சிவபாதம் வேலையால் வந்ததும் சப்பாத்துக் கழற்ற விடவில்லை.

“இஞ்சருங்கோ, எல்லார் வீட்டிலையும் நிக்குது. உவன் கீதன் வீட்டிலை மட்டும் பட்டுப்போச்சு. ஏன்?”

“செடிதானேயப்பா. தண்ணி ஊத்தாமல் விட்டிருப்பான்.”

“ராஜேஸ் ஒரு மாசம் வீட்டைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போய் வந்தவள். அவளின்ரை நிக்குது. உவன் கவனிச்சும் சாகுதாம்.” அவள் குரல் ஏறவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “நெஞ்சிலை ஒரு நோயும் இல்லாத பிள்ளை எப்பிடிச் செத்தவன்? கடைசியாக் கதைச்சவன் உவன். கதவைத் திறப்பிக்கத் துடிச்சவன் உவன். என்னத்தைக் குடுத்தவனோ ஆருக்குத் தெரியும்? தூள் கீள் எண்டு நாங்கள் எத்தினை கேள்விப்படுறம். என்ரை பிள்ளை அவன்ரை வீட்டிலை நிக்க விரும்பேல்லை. அதுதான் விசயம்.”

அந்த இடத்தில் ஒரு மனிதன் வாய் திறந்திருக்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு ஆறாத கோபம் அந்த இடத்தில்தான். சிவபாதம் “உப்பிடியெல்லாம் கதைக்காதை” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்ப் புல் வெட்டினார்.

அருள்நாயகி இராஜேஸ்வரிக்குச் சொன்னாள். இராஜேஸ்வரிக்குச் சொன்னால் பிறகு வேறு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆடி மாதம் முடிவதற்குள் அந்தக் கதை மிசிசாகாவுக்குப் போய்விட்டது. அங்கே நிலாணி என்ற பெண்ணுக்கும் கீதனுக்கும் ஆவணியில் கலியாணம் வைத்திருந்தார்கள். நிலாணியின் தகப்பன் நாலு வீட்டில் விசாரித்தார். நாலு வீட்டுச் சன்னலிலும் குறோட்டன் நின்றது. எங்கள் செடியும் செத்ததுதான் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் அந்தப் பெடியன் தப்பியிருப்பான். ஆனால் தங்கள் வீட்டில் மட்டும்தான் செத்தது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் எப்படிச் சொல்வார்கள்? சொன்னால் அடுத்த கதை தங்களைப் பற்றியல்லவா வரும். “நாங்கள் ஒண்டும் சொல்ல மாட்டம். ஆனால் அவன்ரை வீட்டிலை மட்டும் நிக்கேல்லைத்தான்” என்றார்கள். கலியாணம் நின்றுபோனது.

புரட்டாசியில் ஒருநாள் மாலை, வேலை முடிந்து வெளியே வந்த சிவபாதத்தின் காரடியில் கீதன் நின்றான். மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது.

“அங்கிள், நிலாணியின்ரை அப்பா என்னை ப்ளட் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எடுத்துக் காட்டினன். க்ளீன். பிறகும் வேண்டாமாம். நிலாணி இப்ப என்ரை கோல் எடுக்கிறதில்லை.”

சிவபாதத்துக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். எதிரில் நிற்பவனில் குற்றம் பிடித்தார்.

“நீ ஏன் தம்பி செடி செத்துப்போச்சு எண்டு அவவுக்குச் சொன்னனி? எனக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் உனக்கும் ஒண்டு கொண்டந்து வைச்சிருப்பனே.”

“எனக்குமோ?”

சொன்ன பிறகுதான் சிவபாதத்துக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. கீதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்.

“அப்ப எல்லாரின்ரையும் செத்ததோ அங்கிள்?”

“ஓம்.”

அவன் கார்கள் நிற்கிற இடத்துச் சீமெந்து விளிம்பில் குந்தினான். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. “எனக்கும் ஒரு கட்டத்திலை டவுட் வந்தது, தெரியுமோ? எல்லாரின்ரையும் நிக்குது, என்ரை மட்டும் ஏன் செத்தது எண்டு. மே பீ மிதுனனுக்கு என்னிலை கோவமோ எண்டு. அவன் கூப்பிட்ட ஒரு நாள் நான் பிஸி எண்டு சொல்லிப்போட்டன். ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு படுக்கிறன்.”

சிவபாதம் குனிந்து அவன் தோளைத் தொடப் போனார். அவன் விலகிக்கொண்டான்.

“உங்களுக்காண்டி அன்ரிக்கு ஒரு பெரிய பொய் சொல்லிப்போட்டன். ஒரு செடிக்கும் சேர்த்துப் பொய் சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு. அதாலைதான் உண்மையைச் சொன்னனான். நான் சத்தியம் பண்ணினது உங்களுக்கு, அதை நான் முறிக்கமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும் அங்கிள். ப்ளீஸ்.”

“ஆட்டைத்திவசம் முடியட்டும் தம்பி. வருசம் முடிஞ்சால் அவவும் கொஞ்சம் தேறிடுவா. பிறகு சொல்லுறன்.”

கீதன் எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டுப் போனான். கார்த்திகையில் அவன் தூர மேற்கே கல்கரிக்கு வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டபோது சிவபாதத்துக்கு நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கத்தோடேயே இரவுச் சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டார்.

ஆட்டைத்திவசத்துக்கு ஒரு கிழமை இருக்க, சனிக்கிழமை காலை, அவர் படியால் இறங்கி வர அருள்நாயகி குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“காரை எடுங்கோ. பொலிசுக்குப் போவம்.”

“பொலிசுக்கோ? என்னத்துக்கு?”

“குற்றமில்லாதவன் ஏன் கல்கரிக்கு ஓடுவான்? ராஜேஸின்ரை மருமகன் சொன்னவர், ஒரு வருசத்துக்கு முந்தின சாவெண்டாலும் பொலிஸ் திரும்ப எடுத்துப் பாக்குமாம். பைலை எடுக்கச் சொல்லுவம். என்ரை பிள்ளை என்னெண்டு செத்தவன் எண்டு அவையள் சொல்லட்டும்.”

அவையள் சொல்லத்தான் போகிறார்கள். யாரோ ஒரு பொலிஸ்காரர், கம்பியூட்டரில் பார்த்து, ஆங்கிலத்தில், ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வார். அருள்நாயகி விளங்காமல் தன் பக்கம் திரும்பி, என்னவாம் என்று கேட்பாள். அவர் அதை மொழிபெயர்க்க வேண்டிவரும். அந்தக் காட்சி முழுவதும் ஒரு கணத்தில் அவர் கண்ணுக்குள் வந்துபோனது. அவள் குனிந்து ஒரு காலில் சப்பாத்தை மாட்டினாள்.

அப்போதும் அவர் முழுவதையும் கொடுக்க நினைக்கவில்லை. சின்னப் பொய்யைக் கொடுத்துப் பெரிய பொய்யைக் காப்பாற்றலாம் என்றுதான் நினைத்தார்.

“நாயகி, கீதனிலை ஒரு பிழையும் இல்லை. செடியெல்லாம் செத்துப்போச்சு.”

“எந்தச் செடி?”

“நாங்கள் குடுத்த எல்லாம். ஏழெட்டைத் தவிர எல்லாமே முதல் மாசமே பட்டுப்போச்சு. வெளியிலை கொண்டுபோன குளிர் பிடிச்சது. நான்தான் வாங்கி வாங்கி மாத்தினனான். உந்தப் போனிலை இருக்கிறதெல்லாம் நான் வைச்ச செடியள். அவன்ரை வீட்டுக்கு மட்டும் நான் போகேல்லை. அதாலைதான் அவன்ரை மட்டும் செத்தது.”

அருள்நாயகி படியின் கீழ்ப்படியில் இருந்தாள். தொலைபேசியை எடுத்தாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரே வீட்டின் மாசிப் படத்தையும் ஆனிப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று சிவபாதம் காத்துக்கொண்டு நின்றார். அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். இனிப் பொலிசுக்குப் போகத் தேவையில்லை, கோட்டைக் கழற்றுவாள், திட்டித் தீர்ப்பாள், பின்னேரத்துக்குள் எல்லாம் ஆறிவிடும் என்று அவருக்கு மூச்சுக்கூட வரத் தொடங்கியது.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

“வேறை என்ன மாத்தினனீங்கள்?”

ஒன்றுமில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. முப்பது வருசம் ஒரு வீட்டில் இருந்தவள். அவர் வாய் எப்போது எப்படிக் கோணும் என்று அவளுக்குத் தெரியும்.

சொன்னார். நின்றபடியே சொன்னார். பார்க்டேல் வீட்டுக் கதவு, பொலிஸ், வேலை போன ஏழு மாதம், கீதனிடம் வாங்கிய சத்தியம், அலுமாரியில் பூட்டிய கடிதங்கள். ஒரு வருசமாய்ச் சுமந்ததைச் சொல்லி முடிக்க அஞ்சு நிமிசம்கூடப் பிடிக்கவில்லை.

“ஏழு மாசமோ?” என்றாள் அவள். “ஞாயிற்றுக்கிழமையிலை வந்து சாப்பிட்டவனே. நான் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளு எண்டு சொல்ல, காணும் அம்மா எண்டவனே.”

சிவபாதம் தலையாட்டினார்.

“கீதன் எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தவனோ? நான் அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டுமோ?”

“ஓம். ஒண்டும் சொல்லேல்லை.”

“நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்.”

அவள் கீதனின் இலக்கத்தை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவனுடைய குரல், தகவலை விடுங்கள் என்று ஆங்கிலத்தில், சந்தோஷமாய், எப்போதோ பதிந்து வைத்த குரல். அருள்நாயகி “தம்பி” என்று மட்டும் சொன்னாள். தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டே இருந்தாள். அது தானாக நின்றுபோனது.

“நாயகி, நீ தாங்கமாட்டாய் எண்டுதான்...”

“கதையாதேங்கோ.” அவள் மாட்டிய ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோடு வைத்தாள். “நெஞ்சு நிண்டு செத்த பிள்ளை ஒண்டுக்கு ஒரு வருசமா அழுது முடிச்சிட்டன். அது ஆரின்ரை பிள்ளையோ தெரியாது. என்ரை பிள்ளைக்கு நான் இன்னும் அழேல்லை.”

கைபிடியைப் பிடித்து எழும்பி, கோட்டோடேயே மேலே போனாள். மிதுனனின் அறைக் கதவு திறந்து சாத்துப்பட்டது. சிவபாதம் கீழே நின்றார். பிறகு அவள் அழத் தொடங்கினாள். போன வருசம் அவள் அழுததை எல்லாம் அவர் கேட்டிருக்கிறார், இப்படி ஒரு அழுகையை அவர் கேட்டதில்லை. அந்த வீட்டில் செத்தவீடு அன்றைக்குத்தான் தொடங்கியது.